மிச்சமிருந்த ஒன்பது நிமிஷம்

சென்னைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் என்று அச்சடித்து ரயிலடியில் இலவசமாகக் கொடுத்த ஒரு கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், கழிப்பறை வசதி உண்டு என்ற குறிப்போடு ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. கூவம் வளைந்து போகிற ஒரு தெருவில், கருங்கல் தூண் ஒன்றும், அதன்மேல் இங்கிலீஷ்காரன் விட்டுப்போன பித்தளைத் தொலைநோக்கி ஒன்றும், வெயில் பட்டால் நேரம் காட்டும் சூரியக் கடிகாரம் ஒன்றும், அதன்மேல் வெயிலே படாதபடி அரசுத் துறையே நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த தூங்குமூஞ்சி மரம் ஒன்றுமாக அது இருநூறு வருஷம் நின்றது. பின்னால் வந்த ஓர் அரசாங்கம் அதோடு ஓர் அறிவியல் காட்சிக்கூடத்தையும் சேர்த்துக் கட்டியது. நிலாவில் உங்கள் எடை என்ன என்று சொல்லும் எந்திரம் அங்கே பூமியில் என்ன எடை என்றுகூடச் சொல்லாது. தொட்டால் தலைமயிர் நட்டுக்கொள்ளும் இரும்பு உருண்டையில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

அங்கே வழிகாட்டியாக இருந்தவள் நீலாயதாட்சி. ஐம்பத்து நாலு வயசு, நாகப்பட்டினத்துக்காரி, இயற்பியலில் எம்.எஸ்சி., கல்யாணம் செய்துகொள்ள நேரம் வாய்க்காதவள். இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒரே பேச்சைப் பேசினாள்: நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று வருவதற்கு முன்னால் இந்த ஊருக்கென்று தனி நேரம் இருந்தது, இப்போதைய நேரத்துக்கு அது ஒன்பது நிமிஷம் பின்தங்கியது, ஒருநாள் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பேச்சு முடிந்ததும் வந்தவர்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அந்த ஒன்பது நிமிஷம் எங்கே போயிற்று என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அது எங்கும் போகவில்லை. ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் சாவி கொடுக்காமலே, கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு நின்ற ஊசல் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அதை நீலாயதாட்சி கவனிக்கவில்லை. பகல் ஒரு மணிக்குக் காவலாளி மீரான் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“மேடம், எதிர் மெஸ்ல இருந்து உங்க லெமன் சாதம்.”

“நான் இன்னும் சொல்லவே இல்லையே, மீரான். இப்பதான் போன் பண்ணலாம்னு எழுந்திருச்சேன்.”

“சொன்னீங்களாமே. ஊறுகாய் கூட வைக்கச் சொன்னீங்களாம். மெஸ்காரர் நேர்ல வந்து குடுத்துட்டுப் போறாரு.”

அவளுக்கு ஊறுகாய் கூட வேண்டும் என்றுதான் நினைப்பு. நேர்மையானவள் என்பதால் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, மெஸ்ஸுக்குப் போன் போட்டு, லெமன் சாதம், ஊறுகாய் கூட என்று சொல்லி, அதற்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாதம் சூடாக இருந்தது.

மறுநாளைக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. வெளியே பதினொரு மணி என்றால் காம்பவுண்டுக்குள் பத்து ஐம்பத்தொன்று. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் ஒன்பது நிமிஷம் கையில் கிடைக்கும், வெளியே கால் வைத்தால் கொடுத்த ஒன்பதும் பிடுங்கிக்கொள்ளப்படும். விஞ்ஞானிகள் ஒரு வேனில் வந்து, வாசற்படியில் நாலு தரம் உள்ளேயும் வெளியேயும் போய்ப் பார்த்து, இது நடக்க வாய்ப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று உள்ளே போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஊர் அவ்வளவு யோசிக்கவில்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் வண்டி தள்ளுகிற ஊர், வெயில் அடித்தால் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடுகிற ஊர், ஒன்பது நிமிஷத்தையா சமாளிக்காது? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார்கள் வீட்டுப்பாடத்தை அங்கே முடிக்க வைத்தார்கள், ஆபீஸுக்குத் தாமதமானவர்கள் வந்து செய்தித்தாள் படித்துவிட்டு இன்னும் தாமதமாகப் போனார்கள், ஆயுளில் ஒன்பது நிமிஷம் கூடக் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அதை மரத்தடியில் நின்று செல்போனைத் தேய்த்தே கழித்தார்கள். காம்பவுண்டுக்குள் சிக்னல் எட்டாது என்பதால் அதுவும் பழைய படங்களைத்தான் தேய்த்தார்கள்.

மூன்றாவது வாரம் எதிர் அடுக்ககத்துக் குலசேகரன் வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் அப்பா இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தெருவில் வைத்துச் செய்தி வந்ததாம். “தங்கச்சிக்குச் சொல்லணும் மேடம். செல்போன் சார்ஜ் போயிடுச்சு. உங்க போன்ல பேசிக்கட்டுமா?” என்று கேட்டார். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு லேண்ட்லைன். அவர் தங்கை எண்ணைச் சுற்றப்போய், விரல் பழக்கத்தில் அப்பா எண்ணைச் சுற்றிவிட்டது. எதிர்முனையில் போனை எடுத்தது அப்பா. உள்ளே நேரம் ஒன்பது நிமிஷம் பின்னால் இருந்ததல்லவா, அவருக்கு இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது.

“யாரு? சேகரா?” என்றது குரல்.

குலசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டார், கண்ணீர் தாடையில் வழிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கேட்டது இதுதான்: “அப்பா, பீரோ சாவி எங்க வெச்சிருக்கீங்க?”

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்தது. மறுநாள் நகரம் முழுக்க. அதற்குப் பிறகு அந்த லேண்ட்லைன் முன்னால் நீலாயதாட்சி கேட்ட பேச்சுகளை எல்லாம் எழுதினால் ஒரு பூட்டுக் கடைக்காரன் மட்டும்தான் காசு கொடுத்து வாங்குவான். லாக்கர் எங்கே, நிலத்துப் பத்திரம் எங்கே, உங்கள் செல்போனுக்குக் கடவுச்சொல் என்ன, அந்த அரக்குப் பட்டுப் புடவையைக் கடைசியில் யாருக்கென்று சொல்கிறீர்கள். ஒரு பெண் புருஷனிடம் சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் போனை வைத்தாள். அவள் ஒருத்திதான் ஏதோ பேசினாள் என்று நீலாயதாட்சிக்குத் தோன்றியது.

அப்படியானால் முன்கூட்டியே எச்சரித்துக் காப்பாற்றலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பஸ்ஸில் ஏறாதே, அந்தக் கிணற்று மோட்டாரைத் தொடாதே என்று கத்திக் கத்திச் சொன்னார்கள். ஆனால் இந்த ஊரில் ஒருவன் இன்னொருவன் சொன்ன புத்தியை ஒன்பது நிமிஷத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. “எனக்குத் தெரியாதா?” என்பதற்கு மூன்று நிமிஷம், “நீ முதல்ல உன்னைப் பார்த்துக்க” என்பதற்கு மூன்று நிமிஷம், மிச்சத்தில் பஸ் வந்துவிடும். ஒருவேளை யாராவது பிழைத்திருக்கலாம். பிழைத்தவர்கள் நன்றி சொல்ல வரவில்லை, தங்களுக்கு ஒன்றும் நடக்கவே இல்லையே என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சீக்கிரமே கூடத்து லேண்ட்லைன் எண்ணை ஊரே தங்கள் செல்போனில் சேமித்துக்கொண்டது, பெரும்பாலும் ‘எமன் ஆபீஸ்’ என்ற பெயரில். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் சிலர் எடுக்கவே மாட்டார்கள், எடுக்காவிட்டால் சாக வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. சுற்றுவட்டாரத்தில் புதிய அடுக்ககங்கள் ‘வானாய்வுக்கூடம் நாலே நிமிஷத்தில்’ என்று விளம்பரம் செய்தன. உடம்பு முடியாத பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளைகள் கூடத்து வாசலில் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, செய்திக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் இன்னும் நிறையப் பேசலாமே என்று மீரான் ஒருநாள் ஒரு கார்க்காரரிடம் சொன்னதற்கு, காவலாளி மரியாதையில்லாமல் பேசுகிறார் என்று புகார் எழுதினார்கள்.

கூட்டம் கூடினால் துறை சும்மா இருக்குமா? காப்பாட்சியர் செந்தூர்ப்பாண்டியன், தொலைநோக்கியின் எந்த முனையில் கண்ணை வைப்பது என்பதை ஓய்வு பெறுவதற்குள் கற்றுக்கொண்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் இருந்தவர், உடனடியாகப் படிவம் ஒன்பதைக் கொண்டுவந்தார். மூன்று பிரதி. இறந்தவர் பெயர், உறவுமுறைக்குச் சான்று, அடையாள அட்டை நகல், இரண்டு சாட்சிகள், ‘பேச உத்தேசித்துள்ள பொருள்’ என்ற தலைப்பில் சொத்து, சாவி, கடவுச்சொல், மன்னிப்பு, இதர என்று ஐந்து கட்டங்கள். வாசலுக்கு வெளியே நின்றுதான் நிரப்ப வேண்டும். எவ்வளவு வேகமாக எழுதினாலும் அதை நிரப்பப் பதினோரு நிமிஷம் ஆனது.

“சார், ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஆனா உள்ள வந்து பிரயோஜனம் இல்லையே. அதுக்குள்ள அவங்க போயிடுவாங்களே,” என்றாள் நீலாயதாட்சி.

“அதனாலதானேம்மா கூட்டம் கட்டுக்குள்ள இருக்கு,” என்றார் செந்தூர்ப்பாண்டியன். அந்த வருஷம் சிறந்த கூட்ட மேலாண்மைக்கான பாராட்டுப் பத்திரம் அவருக்குத்தான் கிடைத்தது.

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாதாடாததோடு, தன் பங்குக்கு ஒன்று சேர்த்தும் கொடுத்தாள். ஊழியர்களின் மாமனார்களும் சகலைகளும் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்ததும், வேலை நேரம் முடிந்த பின் ஊழியரும் பொதுமக்களே, அவர்களுக்கும் படிவம் உண்டு என்ற விதியை எழுதிக் கொடுத்தது அவள்தான். மறந்துவிட்ட பொருளை எடுக்க மட்டும் ஊழியர் திரும்ப வரலாம் என்று ஒரு விலக்கு. நியாயம் நியாயம்தானே என்று அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படிவத்தை நீட்டி, பேனாவை நீட்டி, கை நடுங்குகிறவர்களுக்குக் கட்டங்களைக் காட்டிக் கொடுத்து, பத்தாவது நிமிஷத்தில் அவர்கள் பேனாவைக் கீழே போடுகிறபோது “வருந்துகிறோம்” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். ‘மன்னிப்பு’ கட்டத்தில் டிக் போட்டவர்கள் அந்த மூன்று மாதத்தில் இரண்டே பேர். அந்தக் கட்டத்தைக் காட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அக்கா ஞாபகம் வரும்.

அக்கா அமிர்தவல்லி அண்ணா நகரில் மகள் இந்துலேகாவோடு இருந்தாள். இந்துலேகாவின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன், அத்தை, ஒன்றுவிட்ட சித்தப்பா, சம்பந்தியின் கார் டிரைவர்வரை பெயர் இருந்தது, நீலாயதாட்சியின் பெயர் மட்டும் இல்லை. அச்சகத்துத் தவறு என்றாள் அக்கா. சரி என்று சொல்லிவிட்டு நீலாயதாட்சி கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இரண்டு பேரும் பேசவில்லை. அக்காவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று இந்துலேகா மட்டும் அவ்வப்போது போனில் சொல்வாள். “ஓ,” என்பாள் நீலாயதாட்சி. ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பாள். நேரத்தைப் பற்றியே இருபத்திரண்டு வருஷம் பேசியவளுக்கு அதற்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, உள்ளே ஐந்தரைக்கு வேலை முடித்து அவள் வாசலைத் தாண்டினாள். வெளியே ஐந்து முப்பத்தொன்பது. எதிர்ச்சாரி டீக்கடையில் ஒரு டீ வாங்கி, அது ஆறுவதற்காகக் கையில் பிடித்துக்கொண்டு மழைமேகத்தைப் பார்த்து நின்றாள். மெதுவாகத்தான் குடித்தாள். டீ முடிகிறபோது போன் அடித்தது.

“சித்தி…” இந்துலேகாவின் குரல். “அம்மா போயிட்டாங்க சித்தி. அஞ்சே முக்காலுக்கு. இப்பதான், மூணு நிமிஷம் ஆகுது. நான் மாடில துணி எடுக்கப் போயிருந்தேன்.”

“என்ன சொல்ற?”

“கட்டில்ல சாஞ்சமாதிரி இருக்காங்க. கையில போன் இருக்கு. யார்கூடவோ பேசிட்டிருந்திருக்காங்க.”

நீலாயதாட்சி கிளாஸை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. யார்கூடவோ என்றால் யார்? அவள் ரோட்டில் இறங்கினாள். ஒரு ஆட்டோக்காரர் அவளைத் திட்டினார், அவளும் திரும்பத் திட்டினாள், இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் யாரையும் திட்டியதில்லை. வாசலில் மீரான் கையை நீட்டினார்.

“மேடம், டூட்டி முடிஞ்சிருச்சே. இனிமே படிவம்…”

“மீரான், என் அக்கா.”

மீரானின் கை அப்படியே நின்றது. வரிசையில் நின்ற நாற்பது பேரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள், அதில் பாதிப் பேர் கையில் பாதி நிரப்பிய படிவம் இருந்தது. “நீங்க எழுதின ரூல்தானே மேடம்,” என்றார் மீரான் மெதுவாக. அதில் குத்தல் இல்லை, அதனால் இன்னும் குத்தியது.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “கைப்பையை உள்ள மறந்துட்டேன்,” என்றாள்.

மீரான் அவள் தோளைப் பார்த்தார். கைப்பை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, நல்ல பெரிய கைப்பை, அதில் டிபன் பாக்ஸின் மூடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஆமா மேடம். மறந்துட்டீங்க,” என்றார் மீரான். “சீக்கிரம் போய் எடுத்துக்குங்க.” பிறகு வரிசையைப் பார்த்து, தன் சர்வீஸிலேயே முதல் தடவையாக, “வேற யாராச்சும் எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். நாற்பது பேரில் ஐந்து பேருக்கு எதையோ மறந்தது ஞாபகம் வந்து உள்ளே ஓடினார்கள். மற்றவர்கள், படிவத்தைப் பாதியில் விட்டால் நாளைக்குப் பிரச்சினை வருமோ என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

உள்ளே ஐந்து நாற்பத்தொன்று. பின்னால் வந்த ஐந்து பேரும் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவளையே முதலில் பேசச் சொன்னார்கள். அவள் எண்ணைச் சுற்றினாள். அடித்ததும் எடுத்தாள் அக்கா.

“எமன் ஆபீஸா?”

“அக்கா, நான் நீலா.”

“தெரியுது. அந்த நம்பர் வரும்போதே தெரியும். பதினோரு வருஷம் கழிச்சுக் கூப்பிடுற, அதுவும் உன் ஆபீஸ்ல இருந்து.” மூச்சு இரைத்தது. “எத்தனை நிமிஷம்?”

“மூணரை. இந்துவைக் கூப்பிடுக்கா. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்.”

“டாக்டர் போன மாசமே சொல்லிட்டார்டீ, இதுவே அதிகம்னு. என்னை என் கட்டில்ல விடு. இரு, அடுப்புல பால் வெச்சிருக்கேன். பொங்கிடும்.”

“அக்கா! பாலா முக்கியம்?”

“பொங்கினா இந்துதானே துடைக்கணும்.”

போனைக் கட்டில்மேல் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்பு தேய்கிற சத்தம், சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகிற சத்தம், அடுப்பின் திருகு ஒரு சொடுக்கு. நீலாயதாட்சி ஊசல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா திரும்பி வர ஒன்றரை நிமிஷம் ஆனது. அதில் ஒரு வினாடியைக்கூட அவளால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

“சொல்லு,” என்றாள் அக்கா, கட்டில் கிரீச்சிட்டது.

“நான்… கல்யாணத்துக்கு வந்திருக்கணும்க்கா. ஒரு பேருக்காகப் போய்…”

“அது அச்சகத்துத் தப்பு இல்லடீ. நான்தான் அடிச்சேன்.”

நீலாயதாட்சி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். அக்கா தொடர்ந்தாள்.

“உன் பேருக்குப் பக்கத்துல எம்.எஸ்சி.ன்னு போடணும்னு எழுதி அனுப்பினே. மேல என் பேரு, பக்கத்துல ஒண்ணும் இல்ல. உன்னைக் காலேஜுக்கு அனுப்பணும்னுதானே என்னை பத்தாவதோட நிறுத்தினாங்க. ப்ரூஃப் கையில இருந்துச்சு, பேனாவும் இருந்துச்சு. ஒரு கோடு. அவ்வளவுதான்.” கொஞ்சம் சிரித்தாள், சிரிப்பு இருமலானது. “பதினோரு வருஷமா உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீ வந்தா சொல்லலாம்னு இருந்தேன்.”

“நான் கேட்டதே இல்லையேக்கா. நீ படிக்கணும்னு நெனச்சியான்னு ஒரு நாள் கூட…”

“இப்ப கேளு.”

“என்ன படிக்கணும்னு இருந்தே?”

“ஜியாக்ரஃபி,” என்றாள் அமிர்தவல்லி, உடனடியாக, கேள்விக்காக நாற்பது வருஷம் தயாராக இருந்தவள் மாதிரி. “அந்த மேப் எல்லாம் வரைவாங்களே. ஆறு எல்லாம் நீலத்துல. காவேரியை நான் பார்க்காமலே வரைவேன், உனக்கு ஞாபகம் இருக்கா? கொள்ளிடம் பிரியுற இடம் மட்டும் கொஞ்சம்…”

அதற்கு மேல் குரல் வரவில்லை. கடிகாரம் ஐந்தே முக்காலைத் தாண்டியது. எதிர்முனையில் எங்கோ தூரத்தில், மாடிப்படியில், யாரோ துணிகளோடு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வருகிற சத்தம் கேட்டது. நீலாயதாட்சி போனை வைத்தாள். பின்னால் நின்றவரிடம் அதை நகர்த்திக் கொடுத்தாள். அவர் எண்ணைச் சுற்றி, “அம்மா, சாப்டியா?” என்று ஆரம்பித்தார்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். வெளியே போக வேண்டும், அண்ணா நகருக்குப் போக வேண்டும், இந்துலேகாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் நகரவில்லை. கம்பிக்கு அப்பால் தெரு இருந்தது, மழைமேகம் இருந்தது, எதிர்ச்சாரி டீக்கடை வாசலில் ஐம்பத்து நாலு வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பது நிமிஷத்துக்கு முந்தைய, போன் இன்னும் அடிக்காத நீலாயதாட்சி. அது அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.

அவளைக் கைதட்டிக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? அவள் டீயை ஊதி ஊதி, நிதானமாக, மேகத்தைப் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஓர் அக்கா இருந்தாள், இன்னும் அவள்மேல் கோபம் இருந்தது, ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது.

குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.